மூளைக்கு லேகியம் எதற்கு? நாற்பது பக்க நோட்டு போதும்!

"டாக்டர், என் மூளை மழுங்கிப் போச்சு. வல்லாரை லேகியம் மாதிரி ஏதாவது கொடுங்க. கொஞ்சம் ஸ்ட்ராங்காவே இருக்கட்டும்!"

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு சாயந்திரம் என் எதிரே வந்து உட்கார்ந்தவர் இப்படித்தான் ஆரம்பித்தார். வங்கி அதிகாரி. வயது நாற்பத்தெட்டு. கூடவே மனைவியும் வந்திருந்தார்.

நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். பசி, மலச்சிக்கல், தூக்கம் எல்லாம் விசாரித்தேன். உடம்பில் பெரிதாகக் கோளாறு எதுவும் தெரியவில்லை. ராத்திரித் தூக்கம் மட்டும் ஐந்து மணி நேரம்தான்.

"மூளை மழுங்கிப் போச்சுன்னு எதை வச்சு சொல்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் தயங்கினார். மனைவிதான் பதில் சொன்னார். "கல்யாணமான புதுசுல கதையெல்லாம் எழுதுவார் டாக்டர். ரெண்டு மூணு பத்திரிகையில வந்திருக்கு. இப்ப ஆறு வருஷமா ஒரு வரிகூட எழுதலை. ஞாயித்துக்கிழமையானா பேப்பரை வச்சுக்கிட்டு உட்காருவார். ஒரு மணி நேரம் கழிச்சு வெறும் பேப்பரை மடிச்சு வச்சுட்டு எழுந்திருப்பார். அன்னிக்குப் பூரா வீட்டுல யாரோடயும் பேச்சு கிடையாது."

"ஆபீஸ்லயும் அப்படித்தான் டாக்டர்" என்றார் அவர் மெதுவாக. "மீட்டிங்ல 'புதுசா ஒரு யோசனை சொல்லுங்க'ன்னு கேட்டா எனக்கு வியர்த்துடுது. என்னைவிட இருபது வயசு சின்னப் பசங்க டக் டக்னு சொல்றாங்க. எனக்குள்ள இருந்த ஊத்து வத்திப் போச்சோன்னு பயமா இருக்கு."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் கம்மிவிட்டது.

நான் லேகியம் எழுதவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டும், சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி ஒரு சின்ன பென்சிலும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். "அவ்வளவுதானா?" என்பது போல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவரிடம் அரை மணி நேரம் பேசியதைத்தான் இப்போது உங்களிடமும் சொல்லப் போகிறேன். ஏனென்றால் இந்தப் பயம் அவர் ஒருவருக்கு மட்டும் உள்ளது இல்லை. டீச்சர்கள், குமாஸ்தாக்கள், கடை வைத்திருப்பவர்கள், இல்லத்தரசிகள் என்று பலரும் என்னிடம் வந்து இதையே வேறு வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள்.

இட்லி உப்புமாவைக் கண்டுபிடித்தது யார்?

புதிதாக யோசிப்பது என்றாலே கவிஞர், விஞ்ஞானி, சினிமா டைரக்டர் இவர்களுக்கு மட்டுமே ஆண்டவன் கொடுத்த வரம் என்று நினைக்கிறோம். சரி, ஒரு கேள்வி. ராத்திரி மிஞ்சிப் போன இட்லியை உதிர்த்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்து உப்புமாவாக்கிய முதல் ஆள் யார்? அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. யாரோ ஒரு வீட்டம்மாதான். 'இட்லியை இட்லியாகத்தான் சாப்பிட வேண்டுமா?' என்று ஒரு நிமிஷம் மாற்றி யோசித்திருக்கிறார். அவ்வளவுதான்.

ரவா இட்லிக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது, அரிசிக்குப் பதில் ரவையை வைத்துச் செய்து பார்த்ததில் பிறந்ததுதான் அது என்று பெங்களூரு எம்.டி.ஆர். உணவகத்தார் சொல்வதுண்டு. தட்டுப்பாடு எல்லோருக்கும்தான் வந்தது. 'வேறு எதை வைத்து?' என்று கேட்டவருக்குத்தான் புதுப் பலகாரம் கிடைத்தது.

ஆக, புது எண்ணம் எல்லோருக்கும் வரும். உங்களுக்கும் வருகிறது. நீங்கள் அதற்கு இடம் கொடுக்கிறீர்களா, வந்ததைப் பிடித்து வைக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. இது வரம் இல்லை, பழக்கம். பல் தேய்ப்பது போல, நடைப்பயிற்சி போல, யார் வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம்.

நான் கோட்டை விட்ட இருமல்

'எனக்கென்ன, நான் கதையா எழுதப் போறேன்? இருக்கிற வேலையை ஒழுங்காச் செஞ்சா போதாதா?' என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காக என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் வறட்டு இருமலுக்காக என்னிடம் வந்தார். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆடாதோடை மணப்பாகும் தாளிசாதி வடகமும் கொடுத்தேன். இருமல் போகவில்லை. அளவைக் கூட்டினேன். அப்போதும் போகவில்லை. அதிமதுரம் சேர்த்தேன். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். அதிலும் ஒன்றும் இல்லை. இப்படியே நாலு மாதம் ஓடிவிட்டது. ராத்திரி இருமி இருமி அந்தம்மாவுக்குத் தூக்கம் போயிற்று.

ஒரு நாள் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க மணப்பாகு ரொம்ப நல்லாருக்கு டாக்டர். எனக்கு இருமல் நிக்கலை, ஆனா என் பேத்தி தோசைக்குத் தொட்டுச் சாப்பிடறா!"

எனக்குச் சுருக்கென்றது. நாலு மாதமாக நான் செய்தது வைத்தியம் இல்லை; ஒரே சீட்டைத் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருந்தேன்! அன்றைக்கு ராத்திரி ஒரு காகிதத்தில் இப்படி எழுதினேன்: 'மருந்து ஏன் கேட்கவில்லை?' அதை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதினேன்: 'இந்த இருமல் எதற்குப் பின்னால் வந்தது?' அப்படியே படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை நடையில், ஒரு டீக்கடையைத் தாண்டும்போது சட்டென்று ஞாபகம் வந்தது. முதல் நாளே அந்தம்மா, 'பி.பி.க்கு வேற மாத்திரை மாத்திக் கொடுத்திருக்காங்க' என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். நான் காதில் வாங்கி, மனதில் வாங்காமல் விட்டுவிட்டேன்! எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் ரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். இது நான் படித்த விஷயம்தான். ஆனால் 'இருமலா? ஆடாதோடை' என்று மனசு பழகிய தடத்திலேயே ஓடிவிட்டது.

அவருடைய ரத்த அழுத்த டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் மாத்திரையை வேறு வகைக்கு மாற்றினார். சில வாரங்களில் இருமல் நின்றுவிட்டது. (இதைப் படித்துவிட்டு நீங்களாக எந்த ரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். அது ஆபத்து. சந்தேகம் இருந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரையே கேளுங்கள்.)

பார்த்தீர்களா? எனக்குப் புது மருந்து தேவைப்படவில்லை. புதுக் கேள்விதான் தேவைப்பட்டது. அது வராமல் போன நாலு மாதமும் கஷ்டப்பட்டது நான் இல்லை, அந்தம்மா. மாற்றி யோசிக்கும் பழக்கம் எழுத்தாளருக்கு மட்டும் உரியது இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கல்வம் சொல்லிக் கொடுத்த பாடம்

சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குப் பஸ்பம் செய்யக் கற்றுக் கொடுப்பார்கள். முதலில் சரக்கைச் சுத்தி செய்து, மூலிகைச் சாறு விட்டுக் கல்வத்தில் போட்டு ஜாமக் கணக்கில் அரைக்க வேண்டும். ஒரு ஜாமம் என்றால் மூன்று மணி நேரம். கை கழன்றுவிடும்! பிறகு வில்லை தட்டிக் காயவைத்து, அகலில் வைத்து மூடி, சீலைமண் செய்து, வறட்டி அடுக்கிப் புடம் போட வேண்டும். நெருப்பு அடங்கி, தானாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். கடைசியில் பரீட்சை. தண்ணீரில் தூவினால் மிதக்கிறதா? விரல் ரேகைக்குள் புகுகிறதா? மினுமினுப்பு போய்விட்டதா?

மாணவனாக இருந்தபோது ஒருதடவை அவசரப்பட்டு, ஆறுவதற்கு முன்பே புடத்தைப் பிரித்துவிட்டேன். எல்லாம் வீண். "வெந்தது பாதி, ஆறினது பாதிப்பா. ரெண்டும் சேர்ந்தால்தான் மருந்து" என்றார் பேராசிரியர்.

கிரகாம் வாலஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1926இல் சிந்தனைக் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். புது எண்ணம் பிறப்பதில் நாலு கட்டம் உண்டு என்கிறார். தயாரிப்பு, ஊறப் போடுதல், பளிச்சென்று தோன்றுதல், சரிபார்த்தல். படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அரைப்பு, புடம், திறப்பு, பரீட்சை! எங்கள் பஸ்பக் கணக்கேதான். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

1. அரைப்பு: முதலில் சரக்கைச் சேருங்கள்

வெறும் கல்வத்தை அரைத்தால் என்ன வரும்? கல்தூள்தான் வரும். வெறும் பேப்பர் முன்னால் உட்கார்ந்திருந்தாரே வங்கி அதிகாரி, அவர் செய்தது அதைத்தான்.

ராஜம் கிருஷ்ணனை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்' எழுதியவர். வீட்டில் உட்கார்ந்து கற்பனை பண்ணி அவர் எழுதவில்லை. அந்த மக்கள் இருக்கும் இடத்துக்கே போனார், பார்த்தார், கேட்டார். பிறகுதான் பேனாவை எடுத்தார். இத்தனைக்கும் பதினைந்து வயதில் கல்யாணமாகி, கல்லூரி வாசலையே மிதிக்காதவர் அவர்.

நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பேச்சு, காய்கறிக்காரர் தராசு பிடிக்கும் விதம், ஆபீஸில் ஒரு ஃபைல் எந்த மேஜையில் அதிக நாள் தூங்குகிறது... தினம் ஒரு விஷயத்தைக் கண்ணைத் திறந்து கவனியுங்கள். அது போதும்.

அரைப்பில் இன்னொரு முக்கியமான வேலை, கேள்வியைத் தெளிவாக எழுதுவது. 'ஆபீஸை எப்படி முன்னேற்றுவது?' என்றால் மூளை திகைத்து நிற்கும். 'மதியம் இரண்டு மணிக்கு மட்டும் ஏன் கூட்டம் சேருகிறது?' என்று கேளுங்கள். பிடி கிடைக்கும்.

தெரிந்த விஷயத்தையே மறுபடி பார்ப்பதும் அரைப்புதான். சீனாவில் து யுயு என்ற பெண் விஞ்ஞானி 1969இல் மலேரியாவுக்கு மருந்து தேடும் வேலையில் இறங்கினார். பழைய வைத்திய நூல்களைப் புரட்டினார். நம் மரிக்கொழுந்துக்கு இனமான ஒரு செடி மலேரியாவுக்கு ஓரளவு கேட்டது. ஆனால் ஒரு சமயம் பலித்தது, ஒரு சமயம் பலிக்கவில்லை. மறுபடியும் பழைய நூலுக்கே போனார். கே ஹோங் என்ற நாலாம் நூற்றாண்டு வைத்தியர் அந்தச் செடியைக் கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. தண்ணீரில் ஊறவைத்துப் பிழியத்தான் சொல்லியிருந்தார். 'அப்படியானால் சூடு மருந்தைக் கெடுக்கிறதோ?' என்று யோசித்தார் யுயு. குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சத்தைப் பிரித்தார். 1971இல் அது பலித்தது. அதுதான் ஆர்ட்டிமிசினின். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நூலை எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் படித்தவர் அவர்.

2. புடம்: விட்டுவிட்டு நடங்கள்

மண்டையை உடைத்துக்கொண்டும் விடை வரவில்லையா? எழுந்துவிடுங்கள். இது சோம்பேறித்தனம் இல்லை, புடம் போடுவது.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலரை உட்காரவைத்தும் நடக்கவைத்தும் யோசிக்கச் சொன்னார்கள். நடந்தபோது புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் அதிகமாக வந்தன. பூங்காவில்தான் நடக்க வேண்டும் என்றுகூட இல்லை. அறைக்குள், வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு இயந்திரத்தில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. நடந்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த வேகம் இருந்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விக்கு நடை உதவவில்லை. ஆக, வரவு செலவுக் கணக்கை உட்கார்ந்து பாருங்கள். கதையின் முடிவை நடந்து தேடுங்கள்!

டார்வின் தன் வீட்டுத் தோட்டத்தில் மணல் பாதை ஒன்று போட்டுக்கொண்டு, அதில் சுற்றிச் சுற்றி நடந்தபடி யோசிப்பாராம். நமக்கு மொட்டை மாடி இருக்கிறது. இருபது நிமிஷம் போதும். ஒரே ஒரு நிபந்தனை: கையில் செல்போன் கூடாது. காதில் பாட்டும் வேண்டாம். புடத்தை நடுநடுவே திறந்து பார்க்கிற மாதிரிதான் அது.

குளிக்கும்போதும், காய் நறுக்கும்போதும், கோலம் போடும்போதும் நல்ல எண்ணங்கள் வருகின்றன என்று நிறையப் பேர் சொல்வார்கள். கைக்கு வேலை, மனசுக்கு ஓய்வு. அதனால்தான்.

3. திறப்பு: பதினைந்தாவது வேகம்!

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் உண்டு. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், கண்ணீர் இப்படி. இயற்கையாக எழும் இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது சித்தர்கள் கருத்து. நான் வேடிக்கையாகப் பதினைந்தாவது ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். அது, புது எண்ணம். வரும்போது அடக்காதீர்கள். 'அப்புறம் எழுதிக்கலாம்' என்று நினைத்தீர்களா, போச்சு!

ஓட்டோ லோவி என்ற மருத்துவ விஞ்ஞானிக்கு நடந்ததைக் கேளுங்கள். ஒரு ராத்திரி தூக்கத்தில் அவருக்கு அருமையான ஒரு சோதனை தோன்றியது. எழுந்து, அரைத் தூக்கத்தில் ஒரு காகிதத்தில் கிறுக்கிவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் பார்த்தால் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை! நாள் பூராவும் தவித்தார். நல்ல காலம், மறுநாள் ராத்திரி மூன்று மணிக்கு அதே எண்ணம் திரும்ப வந்தது. இந்தத் தடவை அவர் காகிதத்தைத் தேடவில்லை. நேராக ஆய்வுக்கூடத்துக்கே ஓடிவிட்டார். இரண்டு தவளை இதயங்களை வைத்துச் சோதித்து, நரம்பு ஒரு ரசாயனத்தின் மூலம் இதயத்துக்குச் சேதி அனுப்புகிறது என்று காட்டினார். 1921இல் அது வெளியாயிற்று. 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நமக்கெல்லாம் எண்ணம் இரண்டாம் தடவை வரும் என்று உத்தரவாதம் கிடையாது. அதனால்தான் நாற்பது பக்க நோட்டு. பையில் ஒன்று, தலைமாட்டில் ஒன்று. செல்போனில் பேசிப் பதிந்தாலும் சரி. ஆனால் எழுதினதைக் காலையில் படிக்க முடிய வேண்டும்!

4. பரீட்சை: உடனே வேண்டாம்

எண்ணம் வந்தவுடனேயே 'சீ, இது அசட்டுத்தனம்' என்று நாமே தலையில் தட்டிவிடுகிறோம். நாம் தட்டாவிட்டால் வீட்டில் யாராவது தட்டுகிறார்கள். "ஆமா, இவர் பெரிய விஞ்ஞானி!" என்று ஒரு வார்த்தை போதும். அடுத்த யோசனையைச் சொல்ல அவருக்கு வாயே வராது. குழந்தைகளிடம் இந்தத் தப்பைச் செய்யவே செய்யாதீர்கள்.

சேர்க்கிற நேரம் வேறு, புடைக்கிற நேரம் வேறு. வாரம் பூரா நோட்டில் வாரிப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை முறத்தில் போட்டுப் புடையுங்கள். பத்தில் எட்டு பதர்தான். இருந்துவிட்டுப் போகட்டும், இரண்டு அரிசி கிடைக்கிறதல்லவா? அந்த இரண்டை மட்டும் கறாராகச் சோதியுங்கள். செய்ய முடியுமா? செலவென்ன? யாருக்கு இடைஞ்சல்? எழுத்தானால் மூன்று நாள் ஆறப்போட்டு, உரக்கப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் திருத்துங்கள்.

'மூட்' வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

"மூட் வந்தாத்தான் எழுத முடியும் ஸார்" என்பவர்களுக்கு அந்தோணி டிராலப்பின் கதையைச் சொல்வேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தபால் இலாகா அதிகாரி அவர். தெருவோரத் தபால் பெட்டியை பிரிட்டனுக்குக் கொண்டுவந்ததில் முக்கியப் பங்கு அவருடையது. காலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். காபி போட்டு எழுப்பிவிடுவதற்காகவே ஒரு வேலையாளுக்கு வருஷத்துக்கு ஐந்து பவுன் கூடுதல் சம்பளம்! கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை எழுதுவார். பிறகு ஆபீஸுக்குப் போய்விடுவார். வாழ்நாளில் 47 நாவல்கள் எழுதினார்.

நாம் 47 எழுத வேண்டாம். தினம் கால் மணி நேரம், ஒரே இடம், ஒரே நேரம் போதும். பசி வேளைக்கு வேளை வருவது போல, பழக்கினால் எண்ணமும் வேளைக்கு வரும்.

உடம்பு ஒத்துழைக்க வேண்டாமா?

சுவர் இருந்தால்தானே சித்திரம்! முதலாவது, தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கத்தைத் திருடி யோசிப்பது, விதைநெல்லைக் குத்திச் சமைப்பது மாதிரி. இரண்டாவது, மதியச் சாப்பாட்டை முக்கால் வயிற்றோடு நிறுத்துங்கள். முட்டச் சாப்பிட்டால் கண் செருகும். மூன்றாவது, மலச்சிக்கல் வராமல் கீரை, பழம், போதிய தண்ணீர். நான்காவது, சாயந்திரம் ஐந்துக்குமேல் காபி வேண்டாம்.

வல்லாரையைப் பற்றிக் கேட்பீர்கள். ஞாபக சக்திக்கு நம் முன்னோர் பயன்படுத்திய கீரைதான். வாரம் ஒரு நாள் துவையலாகச் செய்து சாப்பிடலாம். ஆனால் அளவு மீறினால் தலைவலி, மந்தம் வரும். கர்ப்பிணிகள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வல்லாரை உங்களுக்காகக் கதை எழுதாது!

ஒரு எச்சரிக்கை. யோசனை வராதது மட்டுமில்லாமல், எதிலுமே பிடிப்பில்லாமை, காரணமில்லாத அழுகை, தூக்கமின்மை, பசியின்மை இவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நோட்டு போதாது. மனநல மருத்துவரிடம் போங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

ஒரு மண்டலப் பத்தியம்

இதோ என் மருந்துச் சீட்டு. 48 நாள் விடாமல் செய்து பாருங்கள்.

காலை: எழுந்ததும் முதல் அரை மணி நேரம் செல்போனைத் தொடாதீர்கள். கால் மணி நேரம் நோட்டில் எழுதுங்கள். எதுவும் தோன்றவில்லை என்றால் 'எதுவும் தோன்றவில்லை' என்றே எழுதுங்கள். நாலாவது வரியில் ஏதாவது வந்துவிடும்.

பகல்: வேலையில் ஒரு விஷயத்தைப் பார்த்து, 'இதை ஏன் இப்படிச் செய்கிறோம்?' என்று ஒரு கேள்வி கேட்டு எழுதுங்கள்.

மாலை: செல்போன் இல்லாமல் இருபது நிமிஷ நடை.

இரவு: சாப்பாட்டு நேரத்தில் குழந்தைகளோடு ஒரு விளையாட்டு. ஒரு பொருளுக்குப் பத்து உபயோகம் சொல்ல வேண்டும். தேங்காய்ச் சிரட்டையில் தொடங்குங்கள். அகப்பை, செடித் தொட்டி, உண்டியல், பொம்மைக்குத் தொப்பி... உங்கள் பேரப்பிள்ளை உங்களைத் தோற்கடிப்பான், பாருங்கள்!

படுக்கும் முன்: மறுநாளைக்கு ஒரே ஒரு கேள்வியை எழுதித் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

ஞாயிறு: புடைக்கும் நாள்.

அந்த வங்கி அதிகாரி என்ன ஆனார்?

தை மாதம் மறுபடி வந்தார். முகத்தில் ஒரு தெளிவு. தூக்கம் ஆறரை மணி நேரமாகியிருந்தது.

"நவம்பர் மாசம் பென்ஷன்காரங்க உயிர்ச் சான்று கொடுக்க வருவாங்க டாக்டர். வருஷா வருஷம் ஒரே கூட்டம். வயசானவங்க மணிக்கணக்கா நிப்பாங்க. 'யார் எதுக்காக நிக்கறாங்க?'ன்னு நோட்டுல எழுதி வச்சு, ரெண்டு நாள் கவனிச்சேன். நிறையப் பேர் கவுண்டர் வரைக்கும் வந்த பிறகுதான் ஒரு காகிதம் குறையுதுன்னு தெரிஞ்சு திரும்பிப் போறாங்க. பால் வாங்க நிக்கும்போது சட்னு தோணிச்சு. வாசல்லயே ஒரு மேஜை போட்டு, காகிதத்தை முதல்லயே சரிபார்த்துட்டா என்னன்னு! மேனேஜர் சரின்னார். வரிசை பாதியாக் குறைஞ்சுடுச்சு. கேட்டா அற்ப விஷயம்தான். ஆனா இத்தனை வருஷமா யாரும் செய்யலை."

"சரி, கதை?" என்றேன்.

அவர் மனைவி சிரித்தார். அவர் சொன்னார்: "அந்த வாசல் மேஜையில உட்கார்ந்திருந்தப்ப ஒரு தாத்தா கேட்டார், 'நான் உயிரோட இருக்கேன்னு நானே வந்து சொன்னாத்தான் நம்புவீங்களா தம்பி?'ன்னு. அன்னிக்கே நோட்டுல எழுதிட்டேன். அதுதான் கதையாச்சு. ஆறு வருஷம் கழிச்சு முதல் கதை. ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன், திரும்பி வந்துடுச்சு."

"அடடா..."

"பரவாயில்லை டாக்டர். இன்னும் ரெண்டு கதைக்கு விஷயம் இருக்கு. நாற்பது பக்கம் தீர்ந்து போச்சு. வர்ற வழியில எண்பது பக்க நோட்டா ஒண்ணு வாங்கிட்டேன்."

அவருக்குள் இருந்த ஊற்று வற்றவில்லை, தூர்தான் சேர்ந்திருந்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். இன்றைக்கே ஒரு நோட்டு வாங்குங்களேன்!